வேகம் மட்டுமே நம்பிக்கை தராது

2024 ஜூன் 4 அன்று திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியின் வாக்கு எண்ணிக்கையில் பாஜக வேட்பாளர் நீண்ட நேரம் முன்னிலை வகித்தார். காஞ்சிரங்குளம் அடங்கிய கோவளமும், நெய்யாற்றின்கரையும், பாறசாலையும் அக்கணக்கை மாற்றின. முடிவில் காங்கிரஸ் வேட்பாளர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இடது ஜனநாயக முன்னணி மூன்றாமிடம் பெற்றது. தொலைக்காட்சித் திரையில் ஓடும் முன்னிலை மக்கள் தீர்ப்பல்ல.

ஒரே நாளில் முடிவை அறிவிக்கும் தேர்தல் ஆணையம், அதே தேர்தலில் முதற்கட்ட வாக்குப்பதிவின் இறுதி விழுக்காட்டை வெளியிட 11 நாட்கள் எடுத்துக்கொண்டது. ஒப்புகைச் சீட்டுகளோ சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளில் மட்டுமே எண்ணப்படுகின்றன. கூடுதலாக எண்ணினால் முடிவு தாமதமாகும் என 2019இல் ஆணையம் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டது. ஏப்ரல் 26இல் வாக்களித்துவிட்டு 39 நாட்கள் காத்திருந்த கேரள மக்களுக்கு, சரிபார்ப்பதற்காக மேலும் சில நாட்கள் காத்திருப்பது சுமையாகாது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தேர்தல் நடத்தை விதி 93ஐத் திருத்தி, மின்னணுப் பதிவுகளை மக்கள் பார்வையிடும் உரிமையையும் பறித்தது.

வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சியின் நகலைப் பெறுவது முகவரின் சட்டப்பூர்வ உரிமை. எண்ணும் மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தத் தோழரும் கையொப்பமிடக் கூடாது. ஒப்புகைச் சீட்டுகளைக் கூடுதலாக எண்ண வேண்டும் என்ற போராட்டமும் தொடர வேண்டும்.