உப்பும் உதவித்தொகையும்



வெள்ளிமலையில் கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கினேன். கம்பளி போர்த்திய பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றினார். மனு நீட்டவில்லை, மகனைப் பற்றிக் கேட்டார். "மாசக்கணக்கா தூங்காம ஓடுறானுங்க. ஆட்டை வித்து ஊருக்கே விருந்து வெக்கிறான். அப்புறம் மாசக்கணக்கா சுவரைப் பாத்துக் கெடக்குறான். பூசாரிகிட்டயும் போயாச்சு. இது என்னங்க?"

மணிக்கணக்கில் முழங்கிய நாவு மறுமொழியின்றி ஒட்டிக்கொண்டது. நாடகம் எழுதுபவன் நான். சிரிப்பு வேண்டுமென்றால் 'பைத்தியக்காரன்' ஒருவனை மேடையில் ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கியவன்! அன்றிரவு அந்தக் கைதட்டல் என் காதைச் சுட்டது.

மருத்துவ நண்பரை விசாரித்தேன். நேரில் பாராமல் உறுதி கூற இயலாது, ஆயினும் இருமுனை மனநோயாக இருக்கலாம் என்றார். களிப்பின் உச்சி ஒரு முனை. துயரின் அடியாழம் மறுமுனை. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 76 இலட்சம் பேரைப் பற்றிய பிணி!

மருந்து இல்லாமலில்லை. லித்தியம் என்னும் உப்பு. ஜப்பானியர் சிறையில் மூன்றரை ஆண்டு வாடி மீண்ட ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், அதன் பயனை 1949இல் உலகுக்கு அறிவித்தார். அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்ததோ 1970இல்! ஏன் இத்தனை காலம்? அளவு மிஞ்சினால் நஞ்சு என்ற அச்சம் ஒன்று. அது நியாயமான அச்சம். மற்றொன்று, மண்ணில் கிடைக்கும் உப்புக்குக் காப்புரிமை ஏது? காப்புரிமையற்ற பண்டத்தில் முதலாளிக்கு இலாபம் ஏது? இலாபமில்லா இடத்தில் அவன் இரக்கம் எழுவதுண்டோ?

ஆகவேதான் இளம் ஆய்வாளருக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும் என்கிறோம். அந்த உப்பு சிலருக்குக் கைகொடுக்கிறது, சிலரைக் கைவிடுகிறது. காரணம் இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், ஒரே குடும்பத்தில் பலரை நோய் பற்றிய வீடுகளை நாடி, அவர்தம் குருதியணுக்களிலிருந்து நரம்பணுக்களை உருவாக்கும் ஆய்வில் பங்குகொண்டிருக்கின்றனர். ஓராண்டில் முடியும் வேலையா இது? நோய் பல்லாண்டு ஏறி இறங்கும். ஆய்வாளன் உடன் நடக்க வேண்டாமா?

மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் கூடி 2008இல் அமைத்த 'இந்தியா அலையன்ஸ்', இளையோருக்கு ஐந்தாண்டு நல்கை தருகிறது. பாராட்டுவோம். ஆனால் அது மிகச் சிலருக்கே. ஏனைய ஆராய்ச்சி மாணவர் நிலை? 2019 ஜனவரியில் டில்லி வீதியில் நின்று போராடிய பிறகுதான் மாதம் 25,000 ரூபாய் 31,000 ஆயிற்று; 2023இல் 37,000. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். காசின்றிப் படிப்பை விடுபவன் நெஞ்சு எப்படிக் கனக்கும் என்பதை ஏட்டில் படித்தறிய வேண்டியதில்லை.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆயின் லித்தியம் உண்பவர் அவ்வப்போது குருதி கொடுத்து, உடலில் அதன் அளவைப் பார்த்தாக வேண்டும். அந்நாளின் கூலியை இழந்து ஒரு மலைக்குடியானவர் எத்தனை முறை இறங்கி வருவார்? எத்தனை பேர் மருந்தைப் பாதியில் விடுகின்றனர்? இதை ஆராய, அக்கல்லூரியில் இளம் ஆய்வாளர் இருவருக்கு ஐந்தாண்டு உதவித்தொகையை மாநில அரசு வழங்கட்டும். ஒருவர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையாக இருக்கட்டும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிவேன். வழிமொழிய வெள்ளிமலைத் தோழர் ஒருவர் எழவேண்டும். பெரியவரின் மகன் சென்ற வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டான். அடுத்த முறை அவனை அழைத்து வருவதும் அந்தத் தோழரே ஆகட்டும்.