கூரை ஒழுகுகிறது, வளைவுக்குத் திட்டமா?

சுபாங் ஜெயாவுக்குப் போய், சீபீல்டு தோட்டம் எங்கே என்று இன்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 1976 முதற்கொண்டு அங்கே பால்மரம் சாய்ந்தது, வீடுகள் எழுந்தன. லயம் போயிற்று, பிரட்டுக்களம் போயிற்று, ஸ்டோர் போயிற்று. மிஞ்சி நிற்பது ஒரு பெயர்ப்பலகை: சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. கெப்போங் பக்கம் போனால் எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பண்டார் உத்தாமாவில் எபிங்ஹாம். பூச்சோங்கில் காசல்பீல்டு. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக அரங்கம் எழுந்த புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். அங்கேயும் தோட்டத்தின் பெயரைச் சுமப்பது தமிழ்ப்பள்ளிதான். துரைமார் சூட்டிவிட்டுப் போன பெயர்களை இந்த நாட்டில் இன்னும் கட்டிக் காப்பவர்கள் துரைமாரின் பேரப்பிள்ளைகள் அல்லர், நம் பிள்ளைகள்! வேடிக்கையாக இருக்கிறதல்லவா?

வேடிக்கை அதோடு முடிந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம்.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளி. பெயரைப் போடவில்லை, போட்டால் பள்ளியைக் கவனிக்க வேண்டியவர்கள் எங்களைத் திட்டுவதிலேயே ஒரு மாதத்தைக் கழித்துவிடுவார்கள். பிள்ளைகள் முப்பது பேருக்கும் குறைவு. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. மழைக்காலத்தில் ஆசிரியை மேசைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறு பக்கத்தில் வாளி வைக்கிறார். பால் வாளி பார்த்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல; ஆனால் அது மரத்தடியில் இருக்க வேண்டிய வாளி, வகுப்பில் இருக்க வேண்டியதல்ல. இந்தப் பள்ளிக்கு ஒரு ‘மேம்பாட்டுத் திட்டம்’ தயாராகியிருக்கிறதாம். என்ன திட்டம்? வாசலில் ஓர் அலங்கார வளைவு. சுவர் முழுதும் புதுச் சாயம். மண்டபத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று. கூரை? “அது அடுத்த கட்டம்” என்றார்கள். பாலர் வகுப்பு? “அது மேலிடத்து விஷயம்.” நிலம்? அந்தக் கேள்விக்குத்தான் கூட்டத்தில் எல்லாருக்கும் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

தோழர்களே, அந்த இருமலைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

தோட்டப் பள்ளி எப்படி வந்தது? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதிக்க இடம் கொடுத்தது. துரை மனமிரங்கி வைத்ததல்ல அது. குடும்பத்தோடு ஆள் வந்தால்தான் ஆள் நிலைக்கும் என்ற கணக்கு. பள்ளி என்று பெயர்; பல இடங்களில் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை. உபாத்தியாயர் என்று பெயர்; பல இடங்களில் கங்காணியோ, கிராணியோ, மருந்து கொடுப்பவரோ ஓய்ந்த நேரத்தில் வந்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களும் இல்லாவிட்டால் செக்ரோலில் கைநாட்டு வைக்கும் வழக்கம் இன்னும் ஒரு தலைமுறை நீண்டிருக்கும். ஆனால் சட்டத்தை எழுத்தளவில் நிறைவேற்றி, உள்ளளவில் ஏமாற்றும் கலை அன்றே தொடங்கிவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அலங்கார வளைவு அந்தக் கலையின் கடைசிப் பிள்ளை.

இதே கிள்ளானில் 1941-இல் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பளம் இருக்கிறது. கள்ளுக்கடையை மூடு என்பது இருக்கிறது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது இருக்கிறது. பெண்களின் மானம் காக்கப்பட வேண்டும் என்பது இருக்கிறது. அவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருக்கிறது! நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. ஆகவே, தோட்டத் தமிழ்ப்பள்ளி யாரோ போட்ட பிச்சை என்று எவராவது மேடையில் பேசினால், கிள்ளான் மண்ணில் நின்றுகொண்டு அப்படிப் பேசக் கூச வேண்டும்.

சரி, இன்றைய நிலை என்ன? 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று 530 அளவில் நிற்கிறது. சில பள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, சில பிள்ளையின்றி மூடப்பட்டன. பல, தோட்டம் துண்டாடப்பட்டபோது சத்தமில்லாமல் போயின. 1950-களில் வெள்ளைக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, தரகர்கள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற கதையை அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். அந்த வேதனையில்தான் 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி தவணை தவணையாகக் கட்டிய வெள்ளியில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலம் கையில் இல்லாதவனுக்குப் பள்ளியும் இல்லை, வீடும் இல்லை என்பது அன்றே புரிந்துபோன பாடம்.

அந்தப் பாடம் இன்னும் பழையதாகவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை ‘பகுதி உதவி பெறும்’ பள்ளிகள். பள்ளி நிற்கும் நிலம் சர்க்கார் நிலமாக இருந்தால் முழு உதவி கிடைக்க வழியுண்டு. நிலம் தோட்டக் கம்பெனியின் பெயரிலோ தனியார் பெயரிலோ இருந்தால், ஆசிரியர் சம்பளமும் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் சர்க்கார் தரும். கட்டடம், கூரை, வேலி, கழிவறை ஆகியவற்றுக்குப் பள்ளி வாரியம் யார் யாரிடமோ கையேந்த வேண்டும். அவ்வப்போது சிறப்பு நிதி வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. சிலாங்கூர் மாநில அரசு 2008 முதல் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று நிதி ஒதுக்கி வருவதையும் நாம் அறிவோம். ஆனால் சிறப்பு நிதி என்பது தீபாவளிச் சேலை மாதிரி. அதை நம்பி வருஷம் முழுதும் உடுத்த முடியுமா?

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டு அமைப்பில் கல்வி மத்திய அரசின் கையில். நிலம் மாநில அரசின் கையில். மத்திய இலாகாவிடம் போனால், “நிலத்துக்கு மாநிலத்திடம் போங்கள்” என்பார்கள். மாநிலத்திடம் போனால், “பள்ளி எங்கள் அதிகாரத்தில் இல்லை” என்பார்கள். கம்பெனியிடம் போனால், “தலைமையகத்தில் கேட்கிறோம்” என்பார்கள். மூன்று வாசலிலும் வணக்கம் போட்டுக் கடைசியில் வாரியத் தலைவர் எங்கே போகிறார்? சாயக் கடைக்கு! சாயம் பூசத்தான் யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

நாம் ஒன்று கேட்கிறோம். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுக் காரியத்துக்காக நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலை என்றால் தோட்டம் இரண்டாகப் பிளக்கிறது. யாரும் தலைமையகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. புத்ராஜெயா வேண்டும் என்றபோது பிராங் பெசார் தோட்டத்தின் ரப்பரும் செம்பனையும் நிர்வாகத் தலைநகராக மாறின. தொழிலாளக் குடும்பங்கள் டெங்கிலுக்குப் பெயர்ந்தன. ஒரு தலைநகருக்கு இடம் கிடைத்த நாட்டில், ஒரு பள்ளிக்கு மூன்று ஏக்கர் கிடைக்காதா? வீடமைப்புக் கம்பெனி தன் திட்டத்துக்கு அனுமதி கேட்டு வரும்போது, பள்ளி நிலத்தைப் பிரித்து ஒப்படைத்துவிட்டு வா என்று நிபந்தனை போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

இந்த இடத்தில் சிலர் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு வருவார்கள். “முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா? மூடிவிட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் என்ன?” இது நியாயமான கேள்வி போலத் தோன்றும். பதில் சொல்கிறோம். 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் நாடெங்கும் இருக்கின்றன. தேசியப் பள்ளிகளும் உண்டு, சீனப் பள்ளிகளும் உண்டு. கம்பத்துப் பள்ளியில் பிள்ளை குறைந்தால் அதற்குச் சாலை போடுகிறார்கள். தோட்டப் பள்ளியில் பிள்ளை குறைந்தால் பூட்டைத் தேடுகிறார்கள். அது முதல் பதில். இரண்டாவது, பிள்ளை ஏன் குறைந்தது? தமிழர் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டார்களா? இதே கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றாக நிரம்பி வழிகிறது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போயின; பிள்ளைகளும் போனார்கள்; பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. தோட்டத்தில் இன்று மரம் சீவுவதும் குலை வெட்டுவதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தோழர்கள். அவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது என்பது சட்டம். பிறகு பிள்ளை எங்கிருந்து வரும்?

ஆகவே நாம் எல்லாப் பள்ளியும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி பெயரட்டும். உரிமம் கையில் இருக்கும்வரை பள்ளிக்கு உயிர் உண்டு. அது போய்விட்டால் மறுபடி வாங்குவது குதிரைக் கொம்பு. ஆனால் பெயர்ப்பதென்றால் முறை ஒன்று உண்டு. புதிய நிலத்தின் பட்டா முதலில், கட்டடம் பிறகு, பழைய பள்ளியின் கதவைப் பூட்டுவது அதற்கும் பிறகு. பல இடங்களில் நடந்தது தலைகீழ். பழையது இடிந்தது, பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைக்குப் போனார்கள், ‘தற்காலிகம்’ முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை நீண்டது.

நிற்கும் பள்ளிக்கு முதலில் வேண்டியது என்ன? எங்கள் கணிப்பில் முதல் வேலை கூரை, இரண்டாவது பாலர் வகுப்பு. ஐந்து வயதில் எங்கே பிள்ளையை விடுகிறோமோ அங்கேதான் ஏழு வயதிலும் விடுவோம். பாலர் வகுப்பு இல்லாத தமிழ்ப்பள்ளிக்கு முதலாம் ஆண்டில் பிள்ளை சேரவில்லை என்று புலம்பிப் பயனில்லை; அந்தப் பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு வாசலில் நுழைந்துவிட்டது. அதற்கு அடுத்தது வண்டி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கு வேன் கூலியை அதிலிருந்து எடுத்துவிட்டு மளிகைக் கடைக் கணக்கைப் பார்க்கும் தாய்க்கு, வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி. அவளிடம் தமிழ்ப்பற்று இல்லை என்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் குளிர்ச்சாதனத்தின் கீழே நின்று முழங்குவது சுலபம். முழங்குகிறவர் அந்த வேன் கூலியில் பாதியை ஏற்றுக்கொள்வாரா?

பற்று நம் ஆட்களிடம் குறைந்ததே இல்லை. 1950-களில் சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்பதற்காக அந்த நிதி. ஆளுக்கு ஒரு வெள்ளி. தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு அத்தாப்புக் கூரை; ஆனால் பல்கலைக்கழகத்துப் புத்தகத்துக்கு வெள்ளி கொடுத்தார்கள் தோட்டத்து மக்கள். அந்தப் பரம்பரையிடம் போய் அலங்கார வளைவுக்கு நன்கொடைச் சீட்டு நீட்ட வெட்கமாக இல்லையா?

தாய்மொழிப் பள்ளியே அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள் சிலர். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2023 நவம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கோர்ட்டில் ஜெயித்த பள்ளி ஓட்டைக் கூரையிடம் தோற்பதா?

பள்ளி வாரியத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் சொந்தக் காசைப் போட்டுப் பள்ளியைக் காப்பவர்கள். உங்களுக்கு நம் வணக்கம். மாலைக்காகவே நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறோம்: கல்வெட்டில் பெயர் பொறிக்க ஆசைப்படுவதற்கு முன், பட்டாவில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பது கடினமல்ல. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். வக்கீல் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். சிறிய பட்டாவானால் மாவட்ட நில அலுவலகம். பெரிய பட்டாவானால் ஷா ஆலாமில் உள்ள மாநில நில அலுவலகம். ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்துப் பள்ளிக்கு இந்தத் தேடலைச் செய்து, நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா, அண்மையில் கைமாறியதா என்று எழுதி அனுப்ப வேண்டும். வருகிற பதில்களை இந்தப் பத்திரிகையில் ஒன்றுவிடாமல் போடுவோம், இருமுகிறவர்கள் இருமட்டும். லாட் எண் தெரியாதவர்கள் ஆபீஸில் உள்ள கிராணிமார்களைக் கேளுங்கள். நில வரி ரசீதில் அது இருக்கும், ரசீது எந்தக் கோப்பில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.