மண்டையோட்டின் வாயில்களும் மருத்துவத் தமிழும்

உடற்கூற்று நூலுள் கடினமான பகுதி யாதென வைத்திய மாணவரை வினவின், அவருட் பலர் மண்டையோட்டின் அடித்தளத்தையே சுட்டுவர். மூளை தங்கும் அவ்வெலும்புத் தளம் முன், நடு, பின் என மூன்று படிகளாய்த் தாழ்ந்து செல்கின்றது. மூளையைச் சார்ந்த பன்னிரண்டு இணை நரம்புகளும் அத்தளத்திலுள்ள துளைகளாலும் பிளவுகளாலும் வெளிப்போதருகின்றன. அத்துளைகளின் இலத்தீன் பெயர்களே மாணவரை மருட்டுவன. தமிழிலோ இவற்றைச் சொல்லவே இயலாதென்பாரும் உளர். அவர் கூற்றை நாம் மறுக்கின்றோம்.

அவ்விலத்தீன் பெயர்களை உரித்துப் பார்ப்பின் உள்ளிருப்பன வீட்டுச் சொற்களே. ‘போராமென் மாக்னம்’ என்பது பெருந்துளை. முதுகுத்தண்டின் நரம்புவடம் மூளையோடு கூடுமிடம் அது. ‘ரொட்டண்டம்’ வட்டத்துளை, ‘ஓவாலே’ முட்டைவடிவத் துளை. மூக்கின் மேலுள்ள ‘கிரிப்ரிபார்ம்’ சல்லடைத் தட்டு. மணமறியும் நரம்பிழைகள் அதன் நுண்கண்களின் வழியே செல்கின்றன. பிட்யூட்டரிச் சுரப்பி அமர்ந்த இடத்திற்குத் துருக்கிச் சேணம் என்று பெயரிட்டோர் குதிரைச் சேணத்தைக் கண்டு பழகியவர். பாகூர் உழவர் பெயரிட்டிருப்பின் வேறொன்று கூறியிருப்பர்.

இம்முயற்சி புதிதுமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரது முயற்சியால் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூல் வெளிவந்தது. அவர் காலத்துச் சொற்களிற் பல வடமொழி மிக்கன. அவற்றை அவ்வாறே கொள்ளுமின் என்று நாம் வற்புறுத்தோம்.

இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று கருதற்க. வில்லியனூர்ச் சாலையில் ஒருவன் மோட்டார் வண்டியினின்று தலைகுப்புற வீழ்ந்தானெனக் கொள்வோம். மறுநாள் அவன் மூக்கினின்று தெளிந்த நீர் சொட்டுகின்றது. வீட்டார் அதனை ஜலதோஷமென்றெண்ணித் தைலந் தடவுவர். சல்லடைத் தட்டு உடைந்து, மூளையைச் சூழ்ந்த நீரே கசியலாமென்பதை அவர் அறியார். அவ்வழியே கிருமி ஏறின் மூளையுறை அழற்சியுற்று உயிர்க்கே கேடு விளையும். மூக்கைச் சிந்துதலும் துணியால் அடைத்தலும் ஆகா. உடனே ஆஸ்பத்திரி சேர்தல் வேண்டும். ‘மூக்கின் மேலுள்ள சல்லடை உடைந்தது’ என்று வைத்தியர் உரைப்பின், களத்தில் தானியம் சலிக்கும் பாட்டிக்கும் அது விளங்குமன்றோ?

முகநரம்பின் செய்தியும் இத்தகையதே. அது செவியின் உட்டுளையிற் புகுந்து, எலும்பினுள் வளைந்தோடி, காதின் பின்னே கீழ்ப்புறம் வெளிவருகின்றது. அக்குறுகிய வழியில் வீங்கி நெருக்குண்டால் முகம் ஒருபுறம் கோணும். பேயறைந்ததென்று மந்திரிக்கக் கொண்டுசெல்வார் இன்றும் உளர். முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குதல் பெரும்பயன் தருவது. பக்கவாதமோ வென்று வைத்தியர் தேர்ந்தறிதலும் அப்பொழுதே நிகழவேண்டும். மந்திரத்திற் கழியும் நாட்கள் மீளா.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தே பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு காட்டுகின்றது. கல்விக்கு ஊர்களையே ஈந்த மண்ணில் நாம் வேண்டுவது ஒரு படமே. தமிழ் ஆனர்ஸ் மாணவரும் வைத்திய மாணவரும் ஒருங்கிருந்து, பன்னிரு நரம்புகளுக்கும் அவற்றின் வாயில்களுக்கும் எளிய பெயர் எழுதி அதனை வரைதல் கூடும். இரு கொம்யூன்களின் சுகாதார நிலையங்களிலும், நோயாளர் அமர்ந்து காத்திருக்கும் சுவரில், அது தொங்கட்டும்.