வயசுக் கோளாறா... வலியா?

'எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறான்... எல்லாம் வயசுக் கோளாறு!' டீன் ஏஜ் பிள்ளை இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம். இப்படிச் சொல்பவர்கள், அமெரிக்க எழுத்தாளர் ஜே.டி.சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' (1951) நாவலை அவசியம் படிக்கணும்.

ஹோல்டனுக்கு வயது 16. வசதியான வீட்டுப் பிள்ளை. ஹாஸ்டல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் நியூயார்க்கில் சுற்றுகிறான். டெலிபோன் பூத்துக்குள் நின்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்துவிட்டு, யாருக்குமே பேசாமல் வெளியே வருகிறான்.

எல்லார் மீதும் அவனுக்குக் கோபம். ஏன்? தம்பி அல்லி ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது இவனுக்கு 13 வயது. அன்றைக்கு ராத்திரி ஜன்னல் கண்ணாடிகளைக் கையாலேயே குத்தி உடைத்தவன். அந்தத் துக்கம் ஆறவே இல்லை. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரணும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும்.

ஊரை விட்டே ஓட நினைத்தவனை நிறுத்தியது, தானும் கூட வருவேன் என்று பெட்டியோடு வந்து நின்ற 10 வயதுத் தங்கை ஃபீபி!

'ஏன் கத்தறே?' என்பதை விட்டு, 'என்னப்பா ஆச்சு?' என்று பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம், சாப்பாடு சரியில்லையா? டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.