புள்ளியும் கோடும் வெறும் படமா?

"கிராஃப் தியரியில் பிஎச்டியா? புள்ளி வைத்துக் கோடு இழுக்க ஐந்து வருஷமா?" கல்லூரி கேன்டீன்களில் சளைக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களை ஒருமுறை கல்வராயன் மலைக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அங்கே எழுந்த முக்கியமான பிரச்சினை சாலை. சிற்றூர்கள் புள்ளிகள், பாதைகள் கோடுகள். சாட்சாத் கிராஃப்!

எல்லா ஊரையும் குறைந்த செலவில் இணைப்பது எப்படி? மொராவியாவின் மின்கம்பிகளுக்காக ஒட்டகார் போரூவ்கா 1926-லேயே விடை சொல்லிவிட்டார். பத்து ஊருக்கு ஒன்பது சாலை போதும். மலிவுதான். ஆனால் மழையில் ஒரே இடத்தில் மண் சரிந்தால் வலை இரண்டு துண்டு.

இங்கேதான் ஆராய்ச்சி வருகிறது. சென்னை ஐஐடியில் படித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஆர். ரவி, அஜித் அகர்வால், பிலிப் க்ளைன் ஆகியோருடன் 1991-ல் ஒரு பேப்பர் எழுதினார். எந்த ஊர் எந்த ஊரோடு சேர வேண்டும் என்று ஜோடி ஜோடியாகக் கொடுத்தால், மிக மலிவான வலையைச் சட்டென்று கண்டுபிடிக்கும் வழி யாருக்கும் தெரியாது. ஆனால் செலவு அந்த மலிவு விலையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டாத வலையை வேகமாகப் போட்டுவிடலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். ஒரு கோடு அறுந்தாலும் தொடர்பு அறாத வலைக்கும் அதே உத்தரவாதத்தை 1998-ல் கமல் ஜெயின் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது சூத்திரம் அல்ல. இந்தக் கணக்கில் ஊர் என்பது நிபந்தனை, பணம்தான் குறைக்க வேண்டியது. 'நாற்பது வீட்டுக்கு எதற்குத் தார் ரோடு?' என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. ஒரு புள்ளியை விட்டுவிட அனுமதிக்கும் கணக்கும் உண்டு. ஆனால் அதில் விட்டதற்கான அபராதத்தைச் செலவில் கூட்டி எழுத வேண்டும். நம் கோப்புகளில் அந்த அபராதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறவர்தான் அதைக் கட்டுகிறார்.

சரி, மறுபக்கம் மட்டும் யோக்கியமா? 1967-ல் அலெக்சாண்டர் ரோசா தொடங்கிவைத்த, புள்ளிகளுக்கு எண் சூட்டும் ஆராய்ச்சியைப் பற்றி ஜோசப் கேலியன் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார். அதில் 2,500-க்கும் மேற்பட்ட பேப்பர்கள். தமிழ்நாட்டுப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் நல்ல கணிதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய படத்தில் ஒரு கோட்டைச் சேர்த்து, புதுப்பெயர் வைத்து, பதவி உயர்வுக்குப் பேப்பர் எண்ணும் வழக்கமும் உண்டு. கேன்டீன் கேலிக்குத் தீனி போடுவது அதுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் போகிறது. ஒரு ஆய்வு மாணவராவது நோட்டும் பேனாவுமாக அதில் ஏறட்டும். புள்ளிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கோடுகள்தான் பாக்கி.