பெட்டகத்து ஏடுகளைப் பேணுவோம்

ஒரு மக்களின் நிலவுரிமைக்கு வேலி மட்டும் சான்றாகாது. அவ்வேலியை எவர் இட்டார், அவருக்குப் பின் அந்நிலத்தை எவர் உழுதார் என்று கூறும் ஏடும் வேண்டும். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் வரலாற்றை நாம் மீண்டும் நினைவூட்டுவது இதன் பொருட்டே.

1933ஆம் ஆண்டில் செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு முயற்சியே அந்நூலகத்தின் வித்து. அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1954இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் வகுத்தார். நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1959இல் மாளிகை திறக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு அதற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அக்கொடுமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

கட்டடம் மீண்டும் எழுந்து, 2004இல் வாசகர்க்குத் திறக்கப்பட்டது. ஆயின், போனவை யாவும் மீண்டனவா? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையில் இருக்கின்றது. அது முன்னரே அச்சேறிப் பல இடங்களிற் பரவியிருந்தமையே அதற்குக் காரணம். ஒரே படியாக இருந்த ஏடுகளோ என்றென்றைக்குமாகப் போய்விட்டன. இதனினும் தெளிவான பாடம் வேறுண்டோ?

எஞ்சிய ஏடுகள் நம் வீட்டுப் பெட்டகங்களில் உள்ளன. காணி உறுதி, தோம்புப் பிரதி, சாதகம், சீதன உறுதி, கோவிற் கணக்கு ஆகிய இவையே நம் குடிவழியையும் ஊர் வரலாற்றையும் உரைக்கும் சான்றுகள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறிய கமக்காரருக்கு ஓர் உறுதியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூலத்தை எவரிடமும் கையளிக்குமாறு நாம் கேட்கவில்லை. வீட்டில் மூலமும், ஊர் நூலகத்தில் ஒரு படியும், மின்வடிவில் இன்னொரு படியும் இருக்கட்டும். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவில் பேணி வருகின்றது. வழி முன்னரே திறந்துள்ளது. பழைய எழுத்தை வாசிக்க வல்ல ஆசிரியரும், உறுதியின் நுட்பம் அறிந்த நொத்தாரிசுமாரும், சட்டத்தரணிகளும் மாதம் ஒரு நாளேனும் தத்தம் ஊருக்குச் சென்று கமக்காரருக்குத் துணை நிற்பார்களாக.

தீ ஓரிடத்தை எரிக்கலாம். பல இடங்களில் வாழும் ஏட்டை அது என் செய்யும்?