நஸ்ருல் எதைச் சாப்பிடாமல் விட்டார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அரைக் கிலோ வால்நட் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் எங்கள் சங்கத்து மாமா. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மறதி நோயில் இருக்கும் அம்மா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "மணியார்டரா?" என்று கேட்டாள். அவரோடு இருபது வருஷப் பழக்கம். மாமா சிரித்துச் சமாளித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "முன்னாடியே வல்லாரை குடுத்திருக்கலாம்மா. வாயைக் கட்டினா இதெல்லாம் வராது." ஒரு வால்நட்டை உடைத்துக் காட்டி, "பாரேன், மூளை மாதிரியே இருக்கு" என்றார்.

மூளை மாதிரி இருப்பது மூளைக்கு நல்லதென்றால் காலிஃப்ளவர் அதைவிட மூளை மாதிரி இருக்கிறது. மார்கழியில் இங்கே கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் மலிவாகவும் கிடைக்கும்.

மாமா போன மறுநாள் எதிர் ஃப்ளாட் வங்காளி மாசிமா வந்தார். அவர் கட்சி வேறு. "நீங்க மீனே சாப்பிடறதில்லையே, அப்புறம் மூளை எங்கேருந்து வேலை செய்யும்?" இந்த ஊரில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத்தான் மீன் தலை. புத்தி வளருமாம். ஆக, மாமா கணக்கில் அம்மா கீரை சாப்பிடாததால் கெட்டாள். மாசிமா கணக்கில் மீன் சாப்பிடாததால் கெட்டாள். ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமை: தப்பு சாப்பாட்டில். அதாவது அம்மா மேல். அதாவது இந்த வீட்டு அடுப்படியில் நிற்கிற என் மேல்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேள்வி. காஜி நஸ்ருல் இஸ்லாம் எதைச் சாப்பிடாமல் விட்டார்?

மீன் சாப்பிட்டு வளர்ந்த வங்காளிக் கவிஞர். 22 வயதில், தால்தலா சந்து வீட்டில் ஒரே இரவில் 'பித்ரோஹி' கவிதையை எழுதி ஊரைக் கிடுகிடுக்க வைத்தவர். ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதி, மெட்டும் அமைத்தவர். வங்காளியோடு உருது, பாரசீகம், அரபு எல்லாம் புழங்கியவர். சதுரங்கப் பித்து வேறு. இப்போது 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்று பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்துவிட்டு அதைப் பதினேழு பேரிடம் சொல்கிறார்களே, நஸ்ருல் 1923-இல் ஹூக்ளி சிறையில் ஒரு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தவர். மூளைக்கு வேலை கொடு, புது மொழி கற்றுக்கொள், பாட்டுப் பாடு, செஸ் ஆடு, வயிற்றைக் காயப்போடு. பட்டியலில் எது பாக்கி? 1942 ஜூலையில், 43 வயதில், நாக்கு குழறியது. பிறகு பேச்சு போனது, நினைவு போனது. 1952-இல் ராஞ்சிக்குக் கொண்டுபோனார்கள். 1953-இல் லண்டனுக்கும் வியன்னாவுக்கும். வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஹாஃப் 'பிக் நோய்' என்றார். 1976-இல் டாக்காவில் இறக்கும்வரை முப்பத்து நான்கு வருஷம் அந்த மௌனம்.

பிறகு பார்த்தபோது இதைச் சொன்னதும் மாமா ஒரு கணம் யோசித்தார். "அவர் வெற்றிலைபாக்கு ரொம்பப் போடுவாராமே?"

இந்த நம்பிக்கையைத் தோற்கடிக்கவே முடியாது. வராதவன் சாப்பாட்டால் தப்பித்தான்; வந்தவன் ஏதோ ஒன்றைத் தின்று கெட்டான். டாக்டருக்குப் படிக்கிற என் அத்தை பேரன் வேறு ஒரு திருத்தம் சொன்னான்: பிக் நோய் அல்சைமர் இல்லையாம். இருக்கட்டும், அல்சைமருக்குப் பெரியப்பா பிள்ளை. நஸ்ருலின் மனைவி பிரமீளா இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்த படுக்கை. அந்த நிலையிலும் 1962-இல் சாகும்வரை தன் கையாலேயே அவருக்கு ஊட்டினார். அந்தக் கைக்கு நோயின் சரியான பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்த ஊர் நஸ்ருலுக்கு மரியாதையில் குறை வைக்கவில்லை. மெட்ரோவில் 'கவி நஸ்ருல்' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் 'நஸ்ருல் மஞ்ச' உண்டு. காலை ஐந்தரைக்கு அந்த அரங்கத்தின் பக்கமாகத்தான் மாமா கோஷ்டி கையை வீசிக்கொண்டு வேகநடை போகிறது. நடுவில் நின்று வட்டமாகக் கை தட்டுகிறார்கள். ஞாபக சக்திக்காம். தலைக்கு மேலே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒருவர் அண்ணாந்து பார்த்ததில்லை.

சரி, கவிஞரை விடுவோம். அமெரிக்காவில் மூளைக்கென்றே ஒரு சாப்பாட்டு முறை தயாரித்தார்கள், 'மைண்ட் டயட்' என்று. கீரை, பெர்ரி, கொட்டைப் பருப்புகள், மீன், வெண்ணெய் குறைவு. குடும்பத்தில் மறதி நோய் உள்ள 604 பேரைப் பிடித்து, பாதிப் பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு வழக்கமான சாப்பாட்டையும், இரண்டு பக்கமும் அளவைக் கொஞ்சம் குறைத்து, கொடுத்து மூன்று வருஷம் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஞாபகத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் ஒன்றும் இல்லை. இந்த முடிவு மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் எனக்கு வரவில்லை. மஞ்சள் கதை இன்னும் பழையது. டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கட் கிராமங்களில் எண்ணிப் பார்த்தபோது அல்சைமர் குறைவாக இருந்தது. உடனே மஞ்சளுக்கு மாலை போட்டுவிட்டார்கள். 2023-இல் வந்த தேசியக் கணக்குப்படி அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருக்கிறார்கள். மீன் தலை தின்னும் மேற்கு வங்கம் அந்தச் சராசரிக்குக் கீழே இல்லை, மேலேதான். இந்த 88 லட்சம் பேரும் மஞ்சள் போடாத குழம்பா சாப்பிட்டார்கள்?

லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-இல் ஒரு பட்டியல் போட்டது. பதினான்கு காரணங்கள், எல்லாவற்றையும் சரிசெய்தால் கிட்டத்தட்ட 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. மீதிக்கு வயது, பரம்பரை என்று வேறு காரணங்கள். அந்தப் பதினான்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு உண்டு. அதற்கெல்லாம் மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகப் போடுங்கள். வல்லாரை இல்லை. வால்நட் இல்லை. இருப்பவை வேறு. காது கேளாமை, கண் மங்கல், தனிமை, காற்று மாசு, குறைந்த படிப்பு.

படிப்புக்கு வருகிறேன். அம்மா மாயவரத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கில் புலி. 'பெண்ணுக்கு எதுக்கு?' என்று நிறுத்தினவர் தாத்தா. கூடவே தலையாட்டிய உறவெல்லாம் இப்போது எனக்கு ஃபோன் போட்டு பாதாம் எத்தனை ஊறவைக்கிறாய் என்று விசாரிக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பிடுங்கிவிட்டுப் பாதாம் கொடுக்கிறார்கள்.

காதுக்கும் வருகிறேன். பத்து வருஷமாக அம்மாவுக்குக் காது மந்தம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஒரு காது மிஷின் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. ராஸ்பிஹாரி முனையில் மினிபஸ்காரன் சிக்னலில் நின்றபடியே ஹாரனை அமுக்குகிறான், பின்னால் கரும்புகை. பட்டியலில் அவன் இருக்கிறான். அவனுக்கு யார் வல்லாரை கொடுப்பது?

இதெல்லாம் சொன்னால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், முனிசிபாலிட்டியைக் கேட்க வேண்டும், நம் தாத்தாக்களைக் கேட்க வேண்டும். அடுப்படியைக் கேட்பது சுலபம். அங்கே எப்போதும் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆயா சென்டரில் இருந்து ஒரு பெண் வருகிறாள். லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலில் விடியற்காலை ஏறி வந்து பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறாள். இந்த ஊரில் ஐம்பது வருஷம் காய்கறிக்காரனிடம் வங்காளியில் பேரம் பேசிய அம்மாவுக்கு வங்காளி முழுக்கப் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். அதனால் அந்தப் பெண் தமிழ் கற்றுக்கொண்டாள். 'தண்ணி', 'வலிக்குதா', 'இங்கதான் இருக்கேன்'. மூன்றாவதை அவள் சொல்லும்போது அம்மா அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்கிறாள். சென்டர்காரன் கமிஷன் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கொடுப்பதில் அவள் வால்நட் வாங்க முடியாது. மாமா கொண்டுவந்த அரைக் கிலோவை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இரவு அவள் போன பிறகு நான்தான். இரண்டு மணிக்கு அம்மா எழுந்து மாயவரம் ரயிலுக்கு நேரமாச்சு என்று கதவைத் தட்டுவாள். எங்கள் வீட்டுக்கு வர நினைக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். கையில் ஒன்றும் வேண்டாம். இரண்டு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மணியார்டரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.